உதட்டில் வைத்த நரம்பு

அருப்புக்கோட்டையில் நான் வேலைபார்த்த மில்லில், மூட்டைகளுக்கு எழுத்து வெட்டிய அச்சுத்தகடு வைத்து மை போடுகிறவர் அவர். விரல் பத்தும் கருநீலம். நெற்றியில் மட்டும் நாமம் பளிச்சென்றிருக்கும். சாக்கோ நூலோ, ஈரமிருக்கிறதா என்று உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மையைத் தொடுவார்.

எண்பதுகளில் ஒருநாள், போட்டிக்குக் கிளம்புமுன் என் டென்னிஸ் மட்டையின் நரம்புப் பின்னலில் மில்லின் முதலெழுத்தைப் போட்டுத்தரக் கேட்டேன். வாங்கியவர் சட்டென்று நரம்பை உதட்டில் வைத்துவிட்டார். முட்டைகூடத் தொடாத மனிதர்!

"அண்ணே, அது மாட்டுக்குடல்ல செஞ்சது..."

"பஜனையில மிருதங்கத்தைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிறோமே தம்பி, அது என்ன வாழநார்லயா செஞ்சிருக்கு?"

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவரோ நரம்பை மறுபடி உதட்டில் வைத்து, "லேசா ஈரமிருக்கு. வெயில்ல காட்டிட்டு வாங்க" என்றார்.