செரனேட்டுக்கு நடுவே ஒரு பொன்னாடை

என் தங்கை மகள் தர்சிகா கிளிநொச்சியில் கணக்கு ரீச்சர். நான்கு வருடமாகச் செல்லோ பழகுகிறாள்; இருந்தபடி முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கிற பெரிய வயலின் அது. போன புரட்டாதிச் சனிக்கிழமை கொழும்பிலிருந்து வந்த வாத்தியக் குழுவோடு முதன்முதலாக மேடையேறினாள். முதல்நாள் போன் எடுத்தாள்.

"மாமா, மூண்டாம் பகுதியிலை மெட்டு எங்கடை செல்லோவுக்குத்தான். பிழைச்சனெண்டால் இனி என்னைச் சேர்க்கமாட்டினம்."

"நான் முன்வரிசையிலை இருந்தால் பிழைக்காது, பிள்ளை."

வவுனியாவில் காலை 7.10 பஸ். ஏ9 வீதியில் எண்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. மற்றவர்களுக்கு இரண்டு மணி நேரம்; நான் ஏறியதால் றைவர் ஒன்றே முக்கால் மணியில் கொண்டுபோய் விட்டார். அங்கிருந்து மண்டபத்துக்கு ஆட்டோ, 250 ரூபா.

"எங்கை ஐயா?"

"செரனேட்டுக்கு."

"அது பரந்தன் சந்தி தாண்டியோ?"

விளக்கினேன். எட்டாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டாலும் சங்கீதம் என்னை விடவில்லை. நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய வெள்ளைக்காரன் சமாச்சாரம். காதலியின் யன்னலுக்குக் கீழே நின்று வாசிப்பது. மேளம் இல்லை, குழல் இல்லை, முழுக்கத் தந்தி வாத்தியம்.

ஆட்டோக்காரர் என் கையிலிருந்த பொன்னாடையைப் பார்த்தார். "இந்த வயசிலை ஆரின்ரை யன்னலுக்குக் கீழை ஐயா?"

பத்து மணிக்குத் தொடங்கியது. பதினெட்டுப் பேர்தான், சத்தம் நூறு பேருக்கு. ஆனால் தர்சிகாவின் முகம் சரியில்லை. காரணம் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. செல்லோவின் அடியில் ஒரு கூரான கம்பி உண்டு. அதைத் தரையில் ஊன்றித்தான் வாசிப்பார்கள். மண்டபத்தில் புது மாபிள் தரை. கம்பி வழுக்க வழுக்க, முழங்காலால் இழுத்து இழுத்து வாசித்தாள்.

முதற்பகுதி முடிந்தது. ஒருவரும் கைதட்டவில்லை. மரியாதை செய்ய ஆளில்லையே என்று நான் மேடையேறிவிட்டேன். நம் ஊர் மேடைகளில் ஓர் உருப்படி முடிந்தால் பொன்னாடை போர்த்துவதுதானே வழக்கம்? பதினெட்டு வில்லும் அந்தரத்தில் நின்றன.

"மாமா! இன்னும் மூண்டு பகுதி கிடக்கு!"

"கிடக்கட்டும், பிள்ளை." போர்த்திவிட்டேன்.

பின்வரிசையில் ஒருவர், "மாமாவுக்கும் ஒரு கைதட்டுப் போடுங்கோ!" என்றார். மண்டபம் சிரித்தது. குழுத் தலைவி அம்மாவும் சிரித்துக்கொண்டே வில்லைத் தாழ்த்தினா. அந்த இடைவெளியில் தர்சிகா பொன்னாடையை உருவி, ஒரு முனையைக் கதிரைக்காலில் முடிந்து, மறுமுனை மடிப்பில் கம்பியைக் குத்தினாள். செல்லோ அசையாமல் நின்றது.

மூன்றாம் பகுதி வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தாள். எனக்கு அதை எழுதத் தெரியவில்லை. இவ்வளவு எழுதுகிற எனக்கே தெரியவில்லை.

கம்பி வழுக்குவதைக் கண்டுதான் பொன்னாடையோடு போனேன் என்று இப்போது எல்லோருக்கும் சொல்லி வருகிறேன். தர்சிகாவும் மறுப்பதில்லை, அந்த நன்றி எனக்கு ஆயுளுக்கும் உண்டு.

போகிறவர்களுக்கு: செரனேட்டில் நான்கு பகுதி, விரல் விட்டு எண்ணிக்கொண்டு கடைசியில் தட்டுங்கள். பொன்னாடை பருத்தியில் எடுங்கள், கம்பியை நன்றாகப் பிடிக்கும். என்னுடையதை இரவல் கேட்காதீர்கள். அன்று கச்சேரி முடிந்ததும் ஓட்டையோடு திருப்பித் தருவாள் என்று நின்றேன். தலைவி அம்மா அவளிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனா. தர்சிகா பொன்னாடையை மடித்துச் செல்லோப் பெட்டிக்குள் வைத்தாள்.

"தரமாட்டன் மாமா. தை மாசக் கச்சேரிக்கும் வேணும்."