அப்பா போடாத மனு

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேர் அப்பாவுக்காகக் கோர்ட்டில் சாட்சி சொன்னவர்கள். மீதிப் பேர் சித்தப்பாவுக்காகச் சொன்னவர்கள். அப்பா மறைந்து ஓராண்டு ஆன இந்த நாளில் இரண்டு கட்சியாரும் ஒரே பந்தியில் சாப்பிட வந்திருக்கிறீர்கள். அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். அந்த வழக்கைப் பற்றிப் பேசாமல் அப்பாவைப் பற்றிப் பேச முடியாது என்பதால் எதிர்க்கட்சிக்காரர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அப்பா எங்கள் மலையின் குண்டூர் நாட்டில் இதே ஊரில் பிறந்தார். தாத்தாவின் மூத்த மனைவிக்குப் பல வருடம் குழந்தை இல்லை. அதனால் எங்கள் மலை வழக்கப்படி, ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் தாத்தா இரண்டாவதாக ஒரு பெண்ணைக் கட்டினார். அவர் வயிற்றில் பிறந்தவர் அப்பா. அடுத்த வருடமே மூத்தவருக்கும் ஒரு மகன் பிறந்தார். அவர்தான் சித்தப்பா. அப்பாவைப் பெற்றவர் சீக்கிரமே போய்விட்டார். அப்பாவுக்குச் சோறு ஊட்டி வளர்த்தது சித்தப்பாவின் தாயார்தான். இருவரும் ஒரே பாயில் தூங்கி, ஒரே மாட்டை மேய்த்து, ஒரே பலா மரத்திலிருந்து விழுந்தவர்கள்.

சித்தப்பா நாலு எழுத்துப் படித்தார். அப்பா சாமைக் காட்டோடு நின்றுவிட்டார். தாத்தா காலமானபோது வீட்டுக்கும் காட்டுக்குமான பட்டா, படித்தவர் பெயருக்குப் போனது. அப்போது யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. கீழ்க்காட்டில் சில்வர் ஓக் வைத்து மிளகுக் கொடி ஏற்றியது அப்பா. மிளகு நன்றாகக் காய்க்க ஆரம்பித்த பிறகு, சித்தப்பாவின் மாமனார் வீட்டாருக்கு அந்தக் காட்டின் மேல் பாசம் வந்துவிட்டது. பாதியைப் பிரித்துத் தரும்படி அப்பா கேட்டார். “பாக்கலாம், பாக்கலாம்” என்றே சில வருடங்கள் ஓடின. கடைசியில் அப்பா மலையிறங்கி, முன்சீப் கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்குப் போட்டார்.

சித்தப்பா தரப்பிலிருந்து எதிர்வுரை வந்தது. வக்கீல் குமாஸ்தா அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினார். அதில் ஒரு வரி: வாதி, காலஞ்சென்ற மேற்படியாரின் மகன் அல்ல.

“இன்னொருக்கா படிங்க” என்றாராம் அப்பா.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம், “பங்கு இல்லைன்னு சொல்லியிருந்தாப் பரவால்ல. மகனே இல்லைன்னு எழுதிப்போட்டான்” என்றார். அன்று அவர் சாப்பிடவில்லை. மிளகுக் காட்டுக்காகத் தொடங்கிய வழக்கு அன்றோடு வேறு வழக்கானது. ஊரில் எல்லோரும் அதை நிலத் தகராறு என்றுதான் கடைசிவரை சொன்னார்கள். அப்பாவும் திருத்தவில்லை.

வாய்தா நாட்களில் வாதிக்கும் எதிர்வாதிக்கும் ஒரே பஸ்தான். சித்தப்பாவுக்குக் கொண்டை ஊசி வளைவுகள் ஒத்துக்கொள்ளாது. நாலு வளைவு திரும்புவதற்குள் முகம் வெளுத்துவிடும். அப்பா புறப்படும்போது மடியில் ஓர் எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்வார். இருவருக்கும் பேச்சில்லை. “ஏனுங்க கண்டக்டர், இதை அந்த எதிர்வாதிகிட்டக் குடுத்துருங்க” என்பார். கண்டக்டர் கொடுப்பார். சித்தப்பா வாங்கி முகர்ந்துகொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். கீழே இறங்கியதும் ஆளுக்கொரு வக்கீலைத் தேடிப் போவார்கள்.

கூண்டில் சித்தப்பாவைக் குறுக்கு விசாரணை செய்தபோது எங்கள் வக்கீல், “இவர் உங்களுக்கு யார்?” என்று கேட்டார். “எங்க ஊட்டுல வளர்ந்தவருங்க.” “அண்ணனா?” சித்தப்பா தம் வக்கீலைப் பார்த்தார். அந்தப் பார்வையை அப்பா மறக்கவேயில்லை.

கல்யாணத்துக்குப் பத்திரம் இல்லை, பிறப்புக்குச் சான்றிதழ் இல்லை என்று முன்சீப் கோர்ட்டில் வழக்கு தள்ளுபடியானது. அந்த வருடம் அப்பா பாறையில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டதால், அப்பீலுக்கான கெடு தாண்டிவிட்டது. தாமதத்தை மன்னிக்கக் கோரி முதலில் ஒரு மனு போட வேண்டும் என்றார் வக்கீல். அப்பாவுக்கு அந்த மனு மிகவும் பிடித்துப்போனது. “பாரு கண்ணு, கோர்ட்டுல மன்னிக்கறதுக்குன்னே தனியா மனு வெச்சிருக்காங்க” என்று என்னிடம் வியந்து சொன்னார்.

சப் கோர்ட்டில் முதல் மேல்முறையீடு. அங்கே சாட்சியங்களையெல்லாம் திரும்பவும் பார்த்தார்கள். எங்கள் மலையில் அந்த மாதிரிக் கல்யாணம் வழக்கம்தான் என்று பெரியவர்கள் சொன்னதை ஏற்றுக்கொண்டு, அப்பா மகன்தான், பாதிப் பங்கு உண்டு என்று தீர்ப்பானது. சித்தப்பா தரப்பு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு போய், இடைக்காலத் தடையும் வாங்கியது. இரண்டாம் மேல்முறையீட்டில் நடந்த சங்கதிகளைத் திரும்பக் கிளற மாட்டார்கள், சட்டக் கேள்வி இருந்தால்தான் எடுப்பார்கள் என்று வக்கீல் விளக்கினார்.

அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்பிடீன்னா நான் எங்கப்பனுக்கு மகனாங்கறது சட்டக் கேள்வீங்களா, நடந்த சங்கதீங்களா?” என்றார். வக்கீல் சிரித்தார். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டு, “அதைத்தானுங்க அங்க வாதாடப் போறோம்” என்றார்.

அந்த மேல்முறையீடு கிடப்பில் கிடந்த வருடங்களில் எங்கள் வீடும் பாதிக் கோர்ட்டாகிவிட்டது. நான் அம்மாவிடம் திட்டு வாங்கி அப்பாவிடம் ஓடினால், “முதல் அப்பீலா, ரெண்டாவதா?” என்று கேட்பார். என் தம்பி பலாச்சுளையில் கை வைத்தால், “அக்கா வர்ற வரைக்கும் இடைக்காலத் தடை” என்பார். அம்மாவுக்கு வாய்த்தது கேவியட். தன்னைக் கேட்காமல் யாரும் எந்த உத்தரவும் போடக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் மனு அது. அம்மா அதைத் தினமும் போட்டார். வாழ்நாள் பூராவும் அலைந்த மனிதர் அத்தனை கசப்பிலும் எங்களைச் சிரிக்கவைத்தார்.

சென்னையிலும் சித்தப்பாவின் மேல்முறையீடு தள்ளுபடியானது. சீராய்வு மனு போடலாம், டெல்லிக்குச் சிறப்பு அனுமதி மனு போடலாம் என்று அவருக்கு யோசனை சொன்னவர்கள் உண்டு. சித்தப்பா போதும் என்றுவிட்டார். தீர்ப்பு நகல் வந்ததும், அதில் அப்பாவை மகன் என்று சொல்லும் இடத்தை நான் படித்துத் தமிழில் சொன்னேன். “இன்னொருக்கா படி சாமி” என்றார். படித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டார்.

இனி ஒரே ஒரு மனுதான் பாக்கி. பாகப்பிரிவினையில் முதல்நிலைத் தீர்ப்பு, யாருக்கு எவ்வளவு என்று மட்டும் சொல்லும். இறுதித் தீர்ப்பு கேட்டு மனு போட்டால்தான் கமிஷனர் மலையேறி வந்து அளந்து பிரிப்பார். வக்கீல் போன் மேல் போன் போட்டார். அப்பா அசையவில்லை. என் தம்பி பொறுமையிழந்தான்.

“ஏனுங்கப்பா, ஜெயிச்சுப்போட்டு இப்படி உக்காந்திருந்தா எப்படிங்க? இத்தன வருசம் அலைஞ்சது எதுக்குங்க?”

“அளந்தா அவன் அடுப்படி நடுவால கோடு போகும் கண்ணு.”

“போகட்டுமுங்க.”

“கோர்ட்டு சொல்லிருச்சு. அவன் வாயால அண்ணன்னு ஒருக்கா சொல்லட்டும். அப்பறம் அளந்துக்கலாம்.”

அதுதான் அப்பா காத்திருந்தது. சித்தப்பாவோ வழக்கில் தோற்ற வெட்கத்தில் எங்கள் வாசலைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் போனார். இரண்டு பேருக்கும் வீம்பு ஒரே அளவு. அந்த விஷயத்தில் மட்டும் அவர்கள் உடன்பிறந்தவர்கள் என்பதற்கு எந்தச் சாட்சியும் தேவைப்பட்டிருக்காது.

கடைசியில் அப்பாவுக்கு நெஞ்சில் நீர் கோத்து மூச்சு வாங்கியது. ஆம்புலன்ஸ் வந்தபோது, யாரும் கூப்பிடாமல் சித்தப்பா வந்து ஏறிக்கொண்டார். வண்டி வளைவுகளில் இறங்க ஆரம்பித்ததும் வேட்டி மடிப்பிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டார். அப்பாவின் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் இருந்தது. இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சித்தப்பாவுக்கு அன்று குமட்டவும் இல்லை. மறுநாள் மருத்துவமனையில் அப்பா காலமானார்.

சடங்கில், மொட்டை போட்டுத் தலை எடுக்கும் பங்காளிகள் வந்து உட்காரலாம் என்று பெரியவர் அழைத்தார். என் தம்பி உட்கார்ந்தான். பக்கத்தில் சித்தப்பா தலைத்துண்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். அவர் மாமனார் வீட்டாரில் ஒருவர் குனிந்து, “ஏனுங்க, கேசு இன்னும் நிலுவைல இருக்குதுங்களே” என்றார்.

“அண்ணன் செத்துக் கெடக்கறாரு. தம்பி தலை எடுக்காம வேற எவன் எடுப்பான்?”

ஊரே கேட்டது. கேட்க வேண்டியவர் மட்டும் கேட்கவில்லை. அப்பாவின் சாவுக்கு அழுததைவிட அதற்குத்தான் நான் அதிகம் அழுதேன். இன்றும் அது ஆறவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். வாய்தா நாட்களில் தம் மிளகு மண்டியில் அப்பாவுக்குச் சாப்பாடும் படுக்க இடமும் கொடுத்த அடிவாரத்து பாய்க்கு. வளைவுகளில் எலுமிச்சம்பழம் கைமாற்றிய கண்டக்டருக்கு. சிரிப்பதை நிறுத்திக்கொண்ட வக்கீலுக்கு. காட்டு வேலையைப் போட்டுவிட்டு வந்து சாட்சி சொன்ன இரு தரப்பாருக்கும். மனு இன்னும் போடவில்லை. இரு தரப்பும் சேர்ந்து கையெழுத்திட்டு ராஜி மனுவாகப் போட்டுவிடலாம் என்கிறார் சித்தப்பா. என் தம்பி யோசிக்கிறான். அம்மா வழக்கம்போல் கேவியட் போட்டிருக்கிறார்.

இந்த நன்றிப் பட்டியலில் சித்தப்பா இல்லை என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். அச்சுக்குக் கொடுக்கும் முன் அவரிடம் படித்துக் காட்டினேன். “எனக்கு எதுக்குக் கண்ணு நன்றி? கடைசீல கையெழுத்துப் போடறவிங்களோட என்னையும் சேத்துப் போடு. பேரு வேண்டாம். என்ன முறையோ அதைப் போட்டாப் போதும்” என்றார்.

இப்படிக்கு,
மனைவி, மகள், மகன்,
தம்பி.