மணியம் அண்ணன் பேச்சு எந்தப் பாட்டில்?

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பொய் சொன்னேன். சின்னப் பொய்தான். ஆனால் அதை நம்பி ஒரு பெண்மணி ஐந்து பாட்டு முழுக்கக் காத்திருந்தார்.

ஜார்ஜ்டவுனில் ஒரு சிறிய மண்டபம். ‘ஃபெரி பசங்க’ என்ற ராக் குழுவின் முதல் ஆல்பம் வெளியீடு. பட்டர்வொர்த் இளைஞர்கள் மூன்று பேர். பகலில் பத்து காவான் என்ற ஊரில் ஃபேக்டரி வேலை. அவர்களோடு உறுமி வாசித்தவர் மணியம் அண்ணன், ஐம்பதைத் தாண்டியவர். எலெக்ட்ரிக் கிடாருக்கு நடுவே உறுமி புகுந்தால் எப்படி இருக்கும்? உடம்பு சிலிர்க்கும், நம்புங்கள்.

வாசித்தவர் என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது... மூன்று மாதத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். ஆல்பத்தை முழுசாக அவர் கேட்கவே இல்லை.

அண்ணனுக்கு ஒரு பழக்கம் உண்டு. வருஷக்கணக்காகத் தைப்பூசக் காவடிகளுக்கு முன்னால் வெயிலில் வாசித்துக்கொண்டே நடந்தவர். முதல் அடி விழுவதற்கு முன் குழுவைப் பார்த்து, “தம்பிங்களா, தண்ணி குடிச்சாச்சா?” என்று கேட்பார். ஏர்கான் போட்ட ரெக்கார்டிங் அறையிலும் அதே கேள்விதான். எட்டுப் பாட்டுக்கும் முன்னால் அது பதிவாகியிருந்தது.

கிடார் வாசிக்கும் குணா அதையெல்லாம் தன் காரில் வைத்து எனக்குப் போட்டுக் காட்டினான். பத்தி எழுதுகிறவனிடம் கருத்துக் கேட்டால் சும்மா இருப்பானா? பாட்டு பிரமாதம், அந்தப் பேச்சை மட்டும் வெட்டிவிடு, ரேடியோக்காரர்கள் சிரிப்பார்கள் என்றேன். வெட்டிவிட்டான். லேப்டாப்பில் இடமில்லை என்று பழைய பதிவுகளையும் அழித்துவிட்டான். அடுத்த வாரம் அண்ணன் போய்ச் சேர்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் ஆல்பத்தை ஸ்பீக்கரில் போட்டார்கள். என் பக்கத்து நாற்காலியில் அண்ணனின் மனைவி தேவி அக்கா. மூன்றாவது பாட்டு முடிந்ததும் மெதுவாகக் கேட்டார்.

“தம்பி, அவரு பேசறது எந்தப் பாட்டுல வருது? பாடறவனுக்கு முன்னாடி என் குரல்தான் வரும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு லா. போன்ல வீடியோ நெறைய இருக்கு... எல்லாத்துலயும் உறுமிதான் கேக்குது.”

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? உண்மையை. என்ன சொன்னேன்?

“கடைசியில வரும்கா.”

கோழைத்தனம். அதற்கு வேறு பெயர் இல்லை.

ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் அந்த இரண்டு விநாடி மௌனத்தில் அக்கா ஸ்பீக்கர் பக்கம் தலையைச் சாய்ப்பார். கிடார் ஒலிக்கும். நிமிர்ந்து உட்கார்வார். ஐந்து தடவை இதைப் பார்த்தேன். எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

எட்டாவது பாட்டு முடிந்தது. கைதட்டல் ஓய்ந்தது. கூட்டம் மீஹூன் நூடுல்ஸ் தட்டுகளைத் தேடிப் போனது. அக்கா மட்டும் எழவில்லை. இன்னும் பாட்டு இருக்கிறதா என்று கேட்டார்.

சொல்லிவிட்டேன். நான்தான் வெட்டச் சொன்னேன் என்பதையும், அந்தக் குரல் இனி எங்கேயும் இல்லை என்பதையும். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“வீட்டுலயும் ஓயாம பேசுவாரு தம்பி. கொஞ்சம் வாய மூடுங்கன்னு நானே தெனம் சொல்லுவேன்.”

ஆள் இருக்கும்வரை எல்லாருடைய பேச்சும் நமக்கு இரைச்சல்தான்... இல்லையா?