முள்ளுப் பூ வைத்த நாற்காலி

இரண்டு வருடங்களுக்கு முன், மகனைப் பார்க்க நானும் என் கணவரும் அன்னூரிலிருந்து இங்கிலாந்து போயிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரபு குடும்பம் ஒன்று வாழ்ந்த பழைய மாளிகையைச் சுற்றிக் காட்ட மகன் அழைத்துப் போனான். அறைக்கு அறை ஓவியம், நிலைக்கண்ணாடி, சரவிளக்கு. இத்தனையையும் யார் துடைப்பது என்பதுதான் என் கவலை.

மறந்துவிட்ட குடையை எடுக்க மகன் கார் வரைக்கும் போனான். அந்த நேரம் பார்த்து இவர் என் தோளைப் பிடித்தார். "அம்மணி, கண்ணக் கட்டுது. காலு நிக்க மாட்டீங்குது." முகமெல்லாம் வேர்வை. காலையில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ரொட்டி பிடிக்கவில்லை என்று பாதியில் வைத்துவிட்ட மனிதர். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சுவரோரம் ஒரு பட்டு நாற்காலி. அதன்மேல் காய்ந்த முள்ளுப் பூ ஒன்று கிடந்தது. இவ்வளவு பெரிய வீட்டில் குப்பையை எடுக்க ஆளில்லையா என்று முணுமுணுத்து, அதைத் தூக்கி வீசிவிட்டு இவரை உட்கார வைத்தேன்.

அறையைப் பார்த்துக்கொள்ள நின்றிருந்த வெள்ளைக்கார அம்மா ஓடிவந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்து, "இவருக்கு முடியலீங்க, சுகருங்க, சுகரு" என்று அழுதுவிட்டேன். உடனே கைப்பையிலிருந்து மிட்டாய் எடுத்து, உறையைப் பிரித்து இவர் வாயில் வைத்தார். அறைக்கு அறை 'சாப்பிடக் கூடாது' என்று எழுதிப் போட்டிருந்த வீடு அது. சர்க்கரை கரைத்த டீயும் வரவழைத்து, தரையில் மண்டி போட்டு, தானே டம்ளரைப் பிடித்துக் குடிக்க வைத்தார். மகன் வருவதற்குள் இவர் முகம் தெளிந்துவிட்டது.

விஷயத்தை மகன்தான் சொன்னான். இங்கே உட்காரக் கூடாது என்பதற்கு அடையாளமாகத்தான் முள்ளுப் பூவை வைப்பார்களாம். இருநூறு வருட நாற்காலியாம். எனக்கு உயிரே போய்விட்டது. அவன் மன்னிப்புக் கேட்கக் கேட்க, அந்த அம்மா சிரித்தார். "நாற்காலிய உக்காரத்தான செஞ்சாங்கன்னு சொல்றாங்கம்மா" என்றான் மகன். இவர் எழுந்ததும் நான் அந்தப் பூவைத் தேடி எடுத்து நாற்காலியில் வைத்தேன். அந்த அம்மாவின் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். வேறெப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஊர் வந்ததும் எங்கள் ஹால் சோபாவின் பிளாஸ்டிக் உறையை உரித்துப் போட்டேன். வாங்கிய நாளிலிருந்து விருந்தாளிக்கென்றே பொத்திப் பொத்தி வைத்திருந்த சோபா. எங்கள் தோட்டத்தில் மரமேறித் தேங்காய் பறித்துப் போடுபவரை ஒருநாளும் நான் வாசல் தாண்டி உள்ளே கூப்பிட்டதில்லை. "உள்ள வந்து உக்காருங்க" என்றதும் அவர் நம்பாமல் என்னைப் பார்த்தார். இப்போது அவர் அதில் சாய்ந்து மோர் குடிக்கும்போதெல்லாம், பெயர்கூடத் தெரியாத அந்த அம்மாவை மனசுக்குள் கும்பிட்டுக்கொள்கிறேன்.