நாற்பது மீற்றர் மணல்

மார்த்தா பின்னால் கிடக்கும் பலகையை இழுத்து முன்னால் போடுகிறாள், சக்கர நாற்காலியை அதன்மேல் தள்ளுகிறாள், மறுபடி குனிகிறாள். பழைய வள்ளம் ஒன்றில் கழற்றிய இரண்டு அகலப் பலகைகள். நாற்காலியில் இருக்கும் அவள் கணவர் சாள்ஸ் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. அவர்கள் வாசலிலிருந்து கொங்கிரீட் பாதை வரை நாற்பது மீற்றர் மணல். கிளினிக் நாளில் அதைக் கடக்க அரை மணித்தியாலம் பிடிக்கும்.

ஆலங்குடாவுக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் கரையில் மார்த்தாவைத் தெரியாதவர் இல்லை. காலையில் கருவாட்டு வாடியில் மீன் கீறுவாள். பின்னேரத்தில் மாதர் சங்கத் தலைவி. சங்கத்தின் முத்திரையைப் பவுடர் டின்னுக்குள் வைத்திருப்பதால் எங்கள் கடிதங்கள் எல்லாம் அரசாங்கக் கந்தோர்களுக்கு வாசனையோடு போகும். கூட்டத்தில் கதிரையில் இருக்க மாட்டாள். கதவு நிலையில் சாய்ந்து நிற்பாள். சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கியபடி வெறுந்தேநீர் குடிப்பாள். அந்தோனியார் கோயில் பெருநாள் விருந்தில் ஊரே கைகழுவிய பிறகுதான் சோற்றுக் கோப்பையை எடுப்பாள். "எனக்கு அடிச்சட்டி காணும்" என்பாள். என்னோடு எட்டாம் வகுப்பு வரை ஒரே வாங்கில் இருந்தவள், இப்போது என்னை டீச்சர் என்கிறாள்.

சாள்ஸ் கடலட்டைக்குச் சுழியோடியவர். யுத்தம் முடிந்து கடல் திறந்த கையோடு சிலிண்டர் கட்டிக்கொண்டு வடக்கே போனவர்களில் ஒருவர். ஒருநாள் ஆழத்திலிருந்து, உடம்பு பழக நேரம் கொடுக்காமல், அவசரமாக மேலே வந்தார். இடுப்புக்குக் கீழே அன்றோடு உணர்ச்சி போய்விட்டது. கைகள் மட்டும் இன்னமும் சுழியோடியின் கைகள்தான். தரை இறுகலாக இருந்தால் தன் நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு றோட்டுக்குப் போய்விடுவார். பஸ் போவதைப் பார்க்க வேண்டும், நாலு பேரோடு கதைக்க வேண்டும். அவர் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

சின்னச் சின்ன ஊர்களில் பாதை, பஸ் தரிப்பிடம் போன்றவற்றுக்குச் சிறிய உதவி கொடுக்கும் திட்டம் ஒன்று வந்தபோது விண்ணப்பம் எழுதியவள் நான். சாள்ஸின் நாற்காலிச் சில்லு மணலில் புதைந்து நிற்கும் படத்தை அதில் ஒட்டினேன். அந்தப் படத்துக்காகத்தான் உதவி கிடைத்தது. எங்கிருந்து தொடங்குவது என்று பேசக் கூட்டம் கூடியது. சங்கச் செயலாளர் நஃபீஸா, தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு இங்கே வந்து வேர்விட்ட குடும்பத்துப் பெண், முதலில் எழுந்தாள்.

"மார்த்தாக்கா, ஒங்கட வாசல்லேந்தே தொடங்குவம். அண்ணனக் காட்டித்தானே இது வந்திச்சு."

"சும்மா இரு பிள்ள. தலைவிட வாசல்ல தொடங்கினா சனம் என்ன கதைக்கும்? றோட்டுப் பக்கத்தால வரட்டும். எங்கட வாசல் கடைசியா இருக்கட்டும்."

இது எங்கள் கரையின் பழக்கம். கரைவலை இழுத்த பிறகு மீனைக் கூறு போடுகிறவர், மற்றவர்கள் எடுத்து மிஞ்சிய கூறைத்தான் எடுக்க வேண்டும். மார்த்தாவின் அப்பா இருபது வருஷம் கூறு போட்டவர். யாரிடமும் ஒரு குறைச்சொல் கேட்காதவர். மீனில் சரியாக வந்தது சீமெந்திலும் சரியாக வரும் என்று அவள் நினைத்தாள். நாங்கள் கைதட்டினோம். நான்தான் பலமாகத் தட்டியிருப்பேன். வீட்டில் கிடந்த சாள்ஸிடம் ஒருவரும் கேட்கவில்லை.

அது இரண்டாயிரத்து இருபத்திரண்டு. வேலை பாதியில் இருக்கும்போது சீமெந்து விலை தாறுமாறாக ஏறியது. பிறகு எந்த விலைக்கும் கிடைக்கவில்லை. பாதை என் வாசலோடு நின்றுவிட்டது. அடுத்த வாசல் மார்த்தாவுடையது. நான் செருப்பில் மணல் ஒட்டாமல் பள்ளிக்கூடம் போகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் போகிறேன்.

கணக்கை மூடுவதற்காக, நின்ற இடத்தோடு பாதை முடிந்ததென்று எழுதித் திறப்பு விழா வைத்தார்கள். அதற்குச் சாள்ஸைத் தூக்கிக்கொண்டு போக நாலு பேர் வந்தார்கள். "நான் என்ன, மீன் பெட்டியா?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். கொஞ்ச நாள் பலகையில் போனார். மார்த்தாவுக்கு இடுப்புப் பிடித்த பிறகு, கோயிலுக்கும் கிளினிக்குக்கும் மட்டும் போதும் என்றார். இந்தத் தவக்காலத்தில் கோயிலையும் விட்டுவிட்டார். முதுகில் புண் வந்திருக்கிறது. "இனி எங்க போறதுக்கு, விடு" என்பதைத் தவிர வேறு கதை இல்லை. மார்த்தா புண்ணைக் கழுவி, பஞ்சை மாற்றிவிட்டு வாடிக்குப் போவாள். ஒருநாள் மீன் கீறிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "என்ட நல்ல பேரக் காப்பாத்த அந்த மனிசன வீட்டுக்குள்ள போட்டுட்டன், டீச்சர்."

இந்த வருஷம் அதே திட்டம் மறுபடி வந்தது, பஸ் தரிப்பிடத்துக்கு மட்டும். மார்த்தா திட்ட உத்தியோகத்தரிடம் கேட்டுப் பார்த்தாள்.

"ஐயா, அந்த நாப்பது மீற்றரையும் இதோட சேத்துப் போட ஏலாதா?"

"பாதை முடிஞ்சுதெண்டு நீங்கதானே அம்மா கையெழுத்து வச்சிருக்கீங்க. முடிஞ்ச வேலைக்குத் திரும்பக் குடுக்க ஏலாது."

அவள் "ஓம்" என்றாள். வேறு என்ன சொல்வாள்?

போன கிழமை மேசன் நௌஃபர் தரிப்பிடத்துக்குள் ஆட்கள் இருக்க வாங்கு கட்டக் கோடு கீறினார், சுவருக்குச் சுவர். பார்த்துக்கொண்டு நின்ற மார்த்தா, "கொஞ்சம் பொறுங்க தம்பி" என்று வீட்டுப் பக்கம் நடந்தாள். திரும்பி வந்தபோது நான் என் வாசலில் நின்றேன். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கைகளை ஒன்றுக்கொன்று எதிராகப் பிடித்தபடி மணலில் நடந்து வந்தாள். சாள்ஸின் நாற்காலியின் அகலத்தைக் கையில் அளந்துகொண்டு வருகிறாள் என்று விளங்க எனக்குக் கொஞ்சம் நேரமானது. "டேப் என்னட்ட இருக்கு, மார்த்தா" என்றேன். நிற்கவில்லை. காற்றில் தலைமயிர் கண்ணில் விழுந்தது. அதை விலக்கவும் கையை இறக்கவில்லை. நானும் பின்னால் போனேன்.

தரிப்பிடத்தின் மூலையில், சுவரோடு அந்தக் கைகளை வைத்தாள்.

"இந்தளவுக்கு வாங்கு வேணாம். சும்மா விடுங்க."

நௌஃபர் அவள் கைகளின் இரண்டு பக்கமும் கோடு போட்டார். போட்டு முடித்து, கரண்டியை எடுத்துக்கொண்டு மறுமூலைக்குப் போன பிறகும் மார்த்தா கையை எடுக்கவில்லை.