ஊருக்கே தெரிந்த சாவு

கல்லூரியை விட்டு ஏன் நின்றாய் என்று இன்னும் கேட்கிறார்கள். இதைப் படித்தால் புரியும். புரியாவிட்டாலும் பஸ் விவரமாவது மிஞ்சும்.

குளோபல் ஸ்டடீஸ், மூன்றாம் வருடம். ஆளுக்கொரு தனி ஆய்வு செய்ய வேண்டும். திருச்செங்கோட்டு போர்வெல் லாரிகள் கப்பலேறி ஆப்பிரிக்கா வரை போகின்றன. கூடவே போகும் ஆட்களின் குடும்பங்களைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். கணவர் அங்கே வேலைக்குப் போயிருந்த கவிதா என்பவரிடம் வருகிறேன் என்று போனில் சொல்லிவிட்டு, போன மாசியில் கிளம்பினேன்.

சேலம் புது பஸ் ஸ்டாண்டிலிருந்து சங்ககிரி வழியாக ஒன்றரை மணி நேரம். திருச்செங்கோட்டிலிருந்து அவர் ஊர் ஒன்பது கிலோமீட்டர். மினி பஸ்ஸை விட்டுவிட்டேன். அந்த ஊர் ஆட்டோ ஒன்று நின்றது, இருநூறு ரூபாய். (தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், வழியில் கடையே கிடையாது.)

"ஏனுங்க தம்பி, கவிதா ஊட்டுக்கா? என்ன சோலி?"

பேட்டி என்றேன். டிரைவர் ஆட்டோவை ஓரங்கட்டினார்.

"அவ ஊட்டுக்காரன் ஜாம்பியால போன வியாழக்கெழமயே செத்துட்டானுங்க. போர் போடற ரிக்குல பைப்பு மேல விழுந்துருச்சு. அவளுக்குத் தெரியாது. பாடி வார வரைக்கும் சொல்ல வேண்டாம்னு இருக்கறோம். தெரிஞ்சா சோறு தண்ணி எறக்க மாட்டா. நீங்க பாட்டுக்கு ஒளறிப் போடாதீங்க."

திரும்பிவிடலாம் என்றேன்.

"வாரேன்னு போன் பண்ணிட்டீங்கல்ல? போகாட்டி சந்தேகப்படுவா."

கவிதாவுக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். தலை நிறைய மல்லிகை. டீ கொடுத்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் வாசலை விட்டு நகரவே இல்லை. என் கேள்வித்தாளில் முதல் கேள்வி, கணவர் வாரத்தில் எத்தனை முறை பேசுவார் என்பது. தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

அவரே ஆரம்பித்தார். "தெனமும் பேசுவாருங்க. ஒரு வாரமா லைன் கெடைக்கல. டவர் பழுதுன்னு சொல்றாங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "தம்பி, நீங்க வெளியாளு. இங்கிலீசு பேசுவீங்க. இது அங்கத்த ஆபீசு நம்பரு. நல்லா இருக்காரான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

போனை வாங்கினேன். அழைக்கவில்லை.

"அக்கா, அவர் இல்லீங்க."

கவிதா அழவில்லை. "எப்ப?" என்றார். வியாழக்கிழமை என்றேன்.

"வெள்ளிக்கெழம தலைக்குத் தண்ணி வாத்துக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனாங்களே. இந்தப் பூவக்கூட காலைல இவங்கதான் வெச்சு உட்டாங்க." வாசலைப் பார்த்தார். "எல்லாந் தெரிஞ்சேவா?"



டிரைவர் என்னை ஏற்றவில்லை. ஒன்பது கிலோமீட்டரும் நடந்தேன். கல்லூரியில், அருமையான களப்பணி, இதையே முதல் அத்தியாயமாக வை என்றார்கள். அதன்பின் கல்லூரிக்குப் போகவில்லை.

பாடி வர மூன்று வாரம் ஆனது. அதுவரை கவிதாவை ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றித்தான் வைத்திருந்தார்களாம். டிரைவர்தான் போனில் சொன்னார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அந்தப் பக்கம் பேட்டிக்குப் போகிறவர்கள் மினி பஸ்ஸிலேயே போங்கள். ஊர் ஆட்டோவில் ஏறினால் எல்லாம் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு அந்த வீட்டில் டீ குடிக்க முடியாது.