படிவத்தில் இல்லாத பாதம்

ஊக்கைப் பார்த்ததும் வள்ளித்தாய் கையை இழுத்துக்கொண்டார்.

"அது வேண்டாந் தம்பி. இரும்பு ஆகாது."

சாத்தூருக்குத் தெற்கே ஒரு மக்காச்சோளக் காட்டின் வரப்பில் நின்றிருந்தோம். பூச்சிமருந்து அடிப்பவர்களின் தோலில் எவ்வளவு மருந்து படிகிறது என்று அளக்கும் வேலை எனக்கு. உள்ளங்கையளவு பஞ்சுத்துணிகளை அவர் உடம்பில் பத்து இடங்களில் வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் எடுத்து, ஐஸ் பெட்டியில் போட்டு, ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இங்கே வெடிக்க ஒன்றுமில்லை என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் பதினெட்டு வருஷம் அச்சங்குளம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலந்த கை. டேப் போட்டு ஒட்டினேன்.

"கல்யாணப் பொண்ணு கெணக்கா நிக்கா பாருங்க," என்றார் கூட மருந்தடிக்கும் பொன்மணி. "மாப்பிள்ளை பதினாறு லிட்டரு டேங்கு. இப்பம் முதுகுல ஏறிக்கிடுவான்."

"ஒன் மாப்பிள்ளையும் அங்கனதான கெடக்கான், தூக்கு," என்றார் வள்ளித்தாய்.

தீபாவளி முடிந்து கம்பெனி அடைத்தால் வருஷாவருஷம் களையெடுக்கப் போவார். இந்த வருஷம்தான் மருந்தடிக்க வந்தார். இந்த வருஷம்தான் பாதமும் எரிகிறது. ஈரச்சாக்கில் காலை வைத்தால்தான் தூக்கம். வெடிமருந்து உடம்பில் ஊறிக் கிடந்து இப்போது வெளியே வருகிறது என்பது பொன்மணியின் தீர்ப்பு. திங்கட்கிழமை கம்பெனி திறக்கிறது. கம்பெனி மருந்துதான் காரணமென்றால் போகாமல் இருந்துவிடலாம். காட்டுக்காரர் முத்துக்கிருஷ்ணன் சித்திரை வரை வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். காட்டு மருந்தென்றால் இதை விட்டாக வேண்டும். எது என்று தெரிந்துகொள்ளத்தான் வள்ளித்தாய் எங்கள் ஆய்வுக்குச் சம்மதித்தார்.

"ஒங்க துணி சொல்லிருமா சார்?"

"எம்புட்டுப் படுதுன்னு சொல்லும்மா. எது எரிக்கின்னு சொல்லாது," என்றார் ஆய்வை நடத்தும் ஜெயச்சந்திரன் சார். பிறகு என்னிடம் தணிந்த குரலில், "எப்பவும் செய்ற மாதிரியே செய்யட்டும். நாம வாயைத் தொறந்தா அளவு பொய்யாயிரும்," என்றார்.

முதல் டேங்க். மருந்து கலக்கும் டிரம்மை நெருங்கியதும் வள்ளித்தாய் செருப்பைக் கழற்றினார். ஜோடி சேர்த்து வரப்பில் வைத்தார். வெறுங்காலோடு நின்று பாட்டிலைத் திறந்தார். மூடியில் அளந்து ஊற்றும்போது விளிம்பில் வழிந்து சொட்டியது. டிரம்மைச் சுற்றி மண் சொதசொதவென்று கிடந்தது. அதில் நின்றே கலக்கினார். அந்தச் சேற்றோடு செருப்பை மாட்டிக்கொண்டு சோளத்துக்குள் போனார்.

இரண்டாவது டேங்கும் அப்படியே. மூன்றாவதும். நான் படிவத்தைப் பார்த்தேன். மார்பு, முதுகு, இரண்டு தோள், இரண்டு முன்னங்கை, இரண்டு தொடை, இரண்டு கெண்டைக்கால். பாதம் இல்லை. பேனா மூடியைக் கழற்றினேன், போட்டேன், கழற்றினேன். சார் செல்போனில் பேசிக்கொண்டிருந்தார்.

நான்காவது முறை பாட்டில் வழுக்கி, தண்ணீர் சேராத மருந்து வலது பாதத்தில் கொட்டியது. அவர் பாட்டிலைத்தான் நிமிர்த்தினார்.

"அக்கா, செருப்பு!" தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது. சார் திரும்பிப் பார்த்தார்.

"மருந்தத் தொடும்போது செருப்பா? கம்பெனியில போர்மேன் கண்டா வெளிய நிப்பாட்டிருவாரு. ஒரு ஒரசல் போதும், ரூமே போயிரும்."

"இது அந்த மருந்து இல்லக்கா. எரிச்சல் எப்ப இருந்து?"

"இங்கன வந்த..." என்றவர் குனிந்து காலைப் பார்த்தார்.

சோப்பும் குடமுமாக ஓடினேன். அவர் தேய்த்துக் கழுவி முடித்ததும் சார் போனை அணைத்துவிட்டு வந்தார்.

"நாலு டேங்க் அளவு கெட்டுப்போச்சு," என்றார். பிறகு, "காலுக்கும் ஒண்ணு ஒட்டு."

"படிவத்துல இடமில்ல சார்."

"ஓரத்துல எழுதுலே."

துடைத்த வலது பாதத்தின் மேல் பதினோராவது துணியை ஒட்டினேன். வள்ளித்தாய் செருப்போடு டிரம்மிடம் போனார். பாட்டிலைத் திருகினார். வலது கால் மெல்லச் செருப்பிலிருந்து நழுவிச் சேற்றில் நின்றது. அவருக்குத் தெரியவில்லை.

"ஏ வள்ளி, ஒன் காலு முன்னக்கூட்டியே கம்பெனிக்குப் போயிருச்சுடி!" என்றார் பொன்மணி.

வள்ளித்தாய் சிரிக்கவில்லை. பாட்டிலை மூடி வைத்தார்.

"ரிசல்ட்டு எப்பம் வரும் தம்பி?"

"மூணு வாரம் ஆகும்க்கா."

"கம்பெனி வண்டி திங்கக்கெழம வந்துருமே."

சேலையில் கையைத் துடைக்கப்போய், நிறுத்தி, மறுபடி சோப்புப் போட்டுக் கழுவினார். போனை எடுத்துக் கம்பெனிக்குப் பேசினார். "அண்ணே, வள்ளி பேசுதேன். திங்கக்கெழம வந்துருதேன்." வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பதினெட்டு வருசப் பழக்கத்த மூணு நாள்ல எப்பிடி மாத்த? அங்கன கழட்டுனா சரிம்பாக."

துணியை எடுத்து வெள்ளித்தாளில் சுற்றினேன். படிவத்தின் ஓரத்தில் 'வலது பாதம்' என்று எழுதினேன். செருப்புடனா, செருப்பில்லாமலா? பேனா மூடியைப் போட்டேன், கழற்றினேன்.